அண்ணன் அடிக்கும் தூரம்

ஜனவரி 9

அன்புள்ள ஸ்கேலுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, என் முதுகு மூவரும் இருக்கிறோம். முதல் இருவர் நலம்.

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். கோல்ஃப் சங்கத்தில் பெரிய ஆய்வு ஒன்று தொடங்குகிறதாம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கு ஆண்டு பந்தை ஏன் அதிக தூரம் அடிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். அதற்குத் தலைமை, சங்கத்தின் சோதனைக்கூடப் பொறியாளர். அதாவது நீ. இதை நான் செய்தித்தாளில் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்? அதையும் நான் படிக்கவில்லை. உன் அண்ணி படித்தாள். "உங்க தங்கச்சி போட்டோ வந்திருக்கு. பரவால்ல, உங்க குடும்பத்துல ஒருத்தராவது விளையாட்டுப் பக்கத்துல வர்றாங்க" என்றாள். இருபத்திரண்டு வருடமாகத் தொழில்முறையில் ஆடுகிறவனிடம் பேசும் பேச்சா இது?

உனக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் மணி அடித்தது. நீ எடுக்கவில்லை. பெரிய ஆளாகிவிட்டாய், சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் சேர்ந்த வருடம் என் முதல் அடியின் சராசரி 268 கஜம். போன வருடமும் 268 கஜம். இந்த நாற்பத்தைந்து வயதில் ஒரு கஜம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இதற்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும். ஆனால் நடந்தது என்ன? அன்றைக்கு நூற்றெண்பது பேரில் நான் தொண்ணூறாவது. இன்றைக்கு நூற்றெண்பது பேரில் நூற்றெண்பதாவது. டிக்கெட் கவுண்டர் வரிசையில் நான் நின்ற இடத்திலேயே நிற்க, எனக்கு முன்னால் ஆட்கள் நுழைந்துகொண்டே இருக்கிறார்கள்.

குழிக்கு யார் தூரத்தில் இருக்கிறாரோ அவர்தான் அடுத்த அடியை முதலில் அடிக்க வேண்டும் என்பது முறை. ஆகவே எந்தக் குழியிலும் இரண்டாவது அடியை நான்தான் முதலில் அடிக்கிறேன். போன வாரம் பீரங்கி என்று எல்லோரும் கூப்பிடும் பையனோடு ஆடினேன். இருபத்து மூன்று வயது, தோள் இரண்டும் கதவு நிலை மாதிரி. நான் அடித்துவிட்டு அறுபது கஜம் நடந்து அவன் பந்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் ஒரு வாழைப்பழம் தின்று, தண்ணீர் குடித்து, அம்மாவோடு போனும் பேசிவிடுகிறான். பொறுப்பான பையன்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

உனக்குத் தெரியும். ஆண்டு முடிவில் பரிசுப் பணப் பட்டியலில் முதல் நூற்றிருபத்தைந்து இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த ஆண்டு ஆட அட்டை கிடைக்கும். போன வருடம் நூற்றிருபத்து மூன்று. இந்த வருடம் எப்படியோ.

அதனால் ஒரே ஒரு உதவி. காரணம் பந்துதான் என்று எழுதிவிடு. பந்தைக் கொஞ்சம் மந்தமாக்கச் சொல்லிவிடு. உண்மையும் அதுதான். யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆய்வின் மேற்பார்வையாளர் படித்து, ஓரத்தில் ‘பார்க்கப்பட்டது’ என்று முத்திரை போட்டு, பிறகுதான் என்னிடம் கொடுத்தார்.

ஆமாம், அப்படித்தான். ஆய்வு முடியும்வரை நான் எந்த ஆட்டக்காரரோடும் தனியாகப் பேசக்கூடாது. போன் கூடாது, நேரில் கூடாது. எழுத்தில் மட்டும், அதுவும் கோப்பில் வைக்கும்படி. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று யாருக்கும் விலக்கில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். "சொந்தக்காரங்களுக்குத்தாம்மா இந்த விதியே" என்றார். அதனால்தான் போனை எடுக்கவில்லை. மணி அடித்த நான்கு முறையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘காரணம் பந்துதான் என்று எழுதிவிடு’ என்ற உன் வரியின் கீழே அவர் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். ஆனால் பீரங்கியின் வாழைப்பழத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். பதினோரு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பந்து ஒரு காரணம்தான், அண்ணா. நீ சேர்ந்தபோது பந்துக்குள் ரப்பர் நூல் சுற்றியிருந்தது. இப்போது உள்ளே கெட்டியான கரு, மேலே அடுக்கடுக்காகத் தோல். சுழற்சி குறைவு, அதனால் காற்றில் மேலே எழும்பி நிற்காமல் முன்னே ஓடுகிறது. ஆனால் மட்டையும் மாறிவிட்டதே. அன்றைக்கு மரத்தலை, முஷ்டி அளவு. நடுவில் படாவிட்டால் பந்து கோபித்துக்கொண்டு போகும். இன்றைக்கு உலோகத்தலை, கைக்குழந்தையின் தலை அளவு. ஓரத்தில் பட்டாலும் போகிறது. அதனால் பயமில்லாமல் முழு பலத்தோடு வீசுகிறார்கள். மட்டையின் தண்டு எடை குறைந்து நீளம் கூடியிருக்கிறது. புல்லை ஒட்ட வெட்டுகிறார்கள், விழுந்த பந்து இன்னும் முப்பது கஜம் உருள்கிறது. பந்து எந்தக் கோணத்தில் கிளம்பியது, எத்தனை சுற்று சுற்றியது என்று ஒவ்வோர் அடிக்கும் பெட்டி ஒன்று கணக்குச் சொல்கிறது. இதற்கெல்லாம் மேல் உடற்பயிற்சி.

இதில் எது எவ்வளவு என்று பிரிப்பதுதான் என் வேலை. கூடவே படிவம் ஒன்று அனுப்புகிறேன். எல்லா ஆட்டக்காரர்களுக்கும் போகிறது. ஒழுங்காக நிரப்பு.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 14

அன்புள்ள ஸ்கேலுக்கும், இதைப் படிக்கும் மேற்பார்வையாளர் ஐயாவுக்கும் வணக்கம்.

படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். சில பதில்களுக்கு விளக்கம் தேவைப்படும்.

கேள்வி 4: ‘தற்போதைய டிரைவர் எத்தனை ஆண்டுகளாக உங்களிடம் இருக்கிறது?’ இதற்கு நான் அடித்துவிட்டிருக்கும் பதில் உன் அண்ணியின் கையெழுத்து. "டிரைவரா? காரையே நான்தானே ஓட்டுறேன்" என்று எழுதிவிட்டாள். நீளமான மட்டைக்கு அதுதான் பெயர் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். பதினொன்று என்று திருத்தியிருக்கிறேன். பதினோரு ஆண்டு.

கேள்வி 9: ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எடை தூக்குகிறீர்கள்?’ நான் தூக்குவதில்லை. என் பையைத் தூக்குவதற்குக் கேடி இருக்கிறார். பதினைந்து வருடமாக அவர்தான். பை தூக்குபவருக்கு இந்த விளையாட்டில் அதுதான் பெயர் என்றாலும், உன் அண்ணி அந்தச் சொல்லை நம் மொழியில் அதற்குள்ள அர்த்தத்தில்தான் சொல்கிறாள். வீட்டில் அவர் உட்கார்ந்தால் பிஸ்கட் டப்பா காலியாவது உண்மைதான்.

ஆனாலும் உன் கடிதத்தைப் படித்தபின் எனக்கு ரோஷம் வந்தது. எல்லாக் காரணத்தையும் நானும் செய்து பார்த்துவிடலாமே என்று கிளம்பினேன். முதலில் புது மட்டை. கடைக்காரர் என்னைப் பெட்டியின் முன்னால் நிறுத்தி அடிக்கச் சொன்னார். திரையில் எண் வந்தது. பெட்டியை ஒரு தட்டு தட்டினார். இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். அதே எண். "சார், நீங்க வார்ம்-அப் பண்றீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

புது மட்டையில் நான்கு கஜம் கூடியது. இருபத்திரண்டு வருட விஞ்ஞானம் எனக்குக் கொடுத்தது நான்கு கஜம். விலையைக் கேட்டதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய மட்டையோடு வந்துவிட்டேன்.

அடுத்தது உடற்பயிற்சிக் கூடம். பயிற்சியாளர் கேட்டார், "என்ன வேணும்ணே, வெயிட் குறைக்கணுமா?" "இல்லப்பா, மட்டையை வேகமா வீசணும்." "அப்ப காலுக்குப் பலம் ஏத்தணும்" என்று தோளில் ஒரு கம்பியை வைத்தார். கம்பி மட்டும்தான், இரண்டு பக்கமும் எடை எதுவும் மாட்டவில்லை. உட்கார்ந்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் வந்தார்கள். பதினெட்டு நாள் ஆடவில்லை. இரண்டு போட்டி போயிற்று.

படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கையெழுத்து மேலும் கீழுமாகப் போவதற்கு மேற்பார்வையாளர் ஐயா மன்னிக்க வேண்டும்.

அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணா,

அவசரமாக எழுதுகிறேன். சோதனைக்கூடத்தில் மந்தப் பந்தை அடித்துப் பார்க்க நாற்பது ஆட்டக்காரர்களைக் கூப்பிடுகிறோம். தூரமாக அடிப்பவர்களில் சிலர், நடுவில் சிலர், கடைசியில் சிலர். பட்டியலை நான் தயாரிக்கவில்லை, கணினி தயாரித்தது. உன் பெயர் இருக்கிறது. எந்தப் பகுதியில் என்று கேட்காதே.

ஏப்ரல் 26, காலை ஒன்பது மணி. கவனமாகக் கேள்: அங்கே நான் இருப்பேன். ஆனால் எழுதிவைத்த ஏழு வாக்கியங்களைத் தவிர உன்னிடம் எதுவும் பேச மாட்டேன். எல்லோரிடமும் அந்த ஏழுதான். மேற்பார்வையாளர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தயவுசெய்து ஸ்கேல் என்று கூப்பிட்டுவிடாதே.

முதுகு சரியாகிவிட்டதா? அதை எழுது.

தங்கை


மே 2

திட்டத் தலைவர் அம்மையார் அவர்களுக்கு,

ஆட்டக்காரர் எண் 40 எழுதிக்கொள்வது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு தங்கையைப் பார்க்கப் போகிறோம் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். உன் அண்ணி ஒரு டப்பாவில் முறுகலாகத் தின்பண்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் என் மார்பில் 40 என்று ஒட்டினார்கள். நீ வெள்ளைக் கோட்டில் நின்றாய். தலையில் நரை வந்திருக்கிறது. முன்பெல்லாம் இல்லையே? கண்ணாடியும் புதிது. "வணக்கம். உங்களுக்கு வசதியான இடத்தில் நிற்கலாம்" என்றாய். அது முதல் வாக்கியம். நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

மந்தப் பந்து முப்பது, வழக்கமான பந்து முப்பது. எது எது என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா? மந்தப் பந்து மட்டையில் படும் சத்தமே வேறு, காலி டப்பாவைத் தட்டியது போல. ஒவ்வொரு முறையும் நீ "தயவுசெய்து மறுபடியும்" என்றாய். ஐந்தாவது வாக்கியம். ஐம்பத்தொன்பது முறை.

முடிந்ததும் டப்பாவை நீட்டினேன். நீ கையை நீட்டினாய். பின்னால் நாற்காலி கிரீச்சென்றது. கையை இழுத்துக்கொண்டாய். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. பத்து வயதில் கணக்குப் பரீட்சைக்கு முன்னால் இருக்குமே, அதே முகம். டப்பாவை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சாட்சியப் பொருளாகக் கோப்பில் வைத்தாரா, தின்றாரா என்று எழுது.

எனக்கு அடுத்த அறையில் பீரங்கி அடித்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் முகம் வாடியிருந்தது. "அண்ணே, அந்தப் பந்து போகவே மாட்டேங்குதுண்ணே. போச்சு, என் பொழப்பே போச்சு" என்றான். ஆறுதல் சொன்னேன். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபிறகு விசிலடித்தேன்.

பத்துப் போட்டி முடிந்திருக்கிறது. நான் நூற்று நாற்பதில் இருக்கிறேன். ஆனாலும் மந்தப் பந்து வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். சீக்கிரம் அறிக்கையை எழுது, தாயே.

எண் 40


ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேற்பார்வையாளர் தின்றுவிட்டார். பாதியை என் மேசையில் வைத்துவிட்டு, "இது கோப்புல வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறிக்கை அடுத்த மாதம் வெளியாகிறது. பங்கேற்ற எல்லோருக்கும் அவரவர் முடிவை முன்கூட்டியே அனுப்புகிறோம். உன்னுடையது கூடவே இருக்கிறது. அச்சடித்த தாளை மட்டும் அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை.

மந்தப் பந்தில் பீரங்கிக்குப் பதினான்கு கஜம் குறைகிறது. உனக்கு ஒன்பது. வேகமாக அடிப்பவர்களுக்கு அதிகம் குறையும், அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனால் உங்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் ஐந்து கஜம்தான் போகிறது. மீதி ஐம்பதுக்கு மேல் அப்படியே நிற்கிறது. எந்தப் பந்தைக் கொடுத்தாலும் நாற்பது பேரின் வரிசை கிட்டத்தட்ட மாறவில்லை. நீ அதை நம்பிக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். அதனால்தான் சொல்கிறேன், நம்பாதே.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நீ செய்தித்தாளில் படிப்பதைவிட என்னிடமிருந்து தெரிந்துகொள்வது நல்லது. இருபத்திரண்டு ஆண்டுப் பட்டியலையும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தேன். சராசரி ஏறியதில் பந்து, மட்டை, புல் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. ஒரே ஆள் வருடத்துக்கு வருடம் தூரமாக அடிப்பது குறைவு. கிட்டே அடிப்பவர் போய்விடுகிறார், அந்த இடத்துக்குத் தூரமாக அடிப்பவர் வருகிறார். சராசரி ஏறுகிறது. உன்னோடு சேர்ந்தவர்கள் முப்பத்தொரு பேர், அண்ணா. இன்றைக்கு ஆடுவது நீ ஒருவன்.

நூற்று நாற்பதாவது பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு கொடுக்க வேண்டியிருந்தது. 268 கஜம் அடிக்கும் ஒருவர் போய் 313 கஜம் அடிக்கும் ஒருவர் வந்தால், நூற்றெண்பது பேரின் சராசரி முக்கால் அடி கூடும். பெயர் போடவில்லை. ஆனால் 268 கஜம் அடிப்பவர் நீ ஒருவன்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எடுத்துவிடலாமா என்று மேற்பார்வையாளரே கேட்டார். "வேற எண் போட்டுக்கலாமேம்மா." நான் வேண்டாம் என்றேன். கடைசியில் இருப்பவரை வைத்துச் சொன்னால்தான் அந்தக் கணக்கு விளங்கும். உன்னைக் காப்பாற்றுவதற்காக எண்ணை மாற்றினேன் என்று நாளைக்கு யாராவது சொன்னால், அறிக்கை முழுவதும் வீண்.

திட்டி எழுது. வாங்கிக்கொள்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 11

அண்ணா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அறிக்கை வெளியான அன்று நிருபர் ஒருவர் உன்னிடம் கருத்துக் கேட்டதையும், "அந்த முக்கால் அடிய அவங்களுக்கு இப்போதைக்குக் குடுக்கறதா இல்ல" என்று நீ சொன்னதையும் படித்தேன். அலுவலகமே சிரித்தது. நான் மட்டும் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, எனக்கு எட்டு வயது, உனக்குப் பதினான்கு. வீட்டுக்குப் பின்னால் காலி மைதானம். நீ அடிப்பாய், நான் ஓடிப் போய் அடி வைத்து அளந்து வருவேன். எனக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான். ஒருநாள் எண்பது அடி என்று சொன்னேன், நீ மட்டையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். சாப்பிடவும் வரவில்லை. மறுநாளிலிருந்து நான் பத்துப் பத்தாகக் கூட்டிச் சொன்னேன். நீயும் அடித்துக்கொண்டே இருந்தாய். நீ இந்தத் தொழிலுக்குப் போனதில் அந்தப் பத்துக்கும் பங்கு உண்டோ என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

அறிக்கையில் கூட்டிச் சொல்ல முடியவில்லை, அண்ணா.

அறிக்கை வந்துவிட்டாலும், பந்தைப் பற்றிச் சங்கம் முடிவெடுக்கும்வரை அந்த விதி தொடர்கிறது. இந்தக் கடிதத்திலும் மேற்பார்வையாளர் முத்திரை போட்டிருக்கிறார், ஆனால் படிக்கவில்லை. முதல் வரியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

பதில் எழுது. இரண்டு வரி போதும்.

தங்கை


அக்டோபர் 30

அன்புள்ள ஸ்கேலுக்கு,

நான் எழுதாமல் இல்லை. மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் தபாலில் போடச் சொல்லி உன் அண்ணியிடம் கொடுத்தேன். நேற்று அலமாரியில் துண்டுக்கு அடியில் மூன்றும் இருந்தன. கேட்டதற்கு, "கோவத்துல எழுதினீங்க. தபால் தலை வீணாகும்னுதான் வெச்சிருக்கேன். இப்ப படிச்சுப் பாருங்க, அனுப்பலாம்னு தோணுச்சுன்னா அனுப்புங்க" என்றாள். படித்தேன். இரண்டாவது கடிதத்தில் உன்னைத் தராசு என்று திட்டியிருக்கிறேன். எரித்துவிட்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பேப்பரில் நான்கே வரிதான் போட்டிருப்பார்கள்.

ஆகஸ்டிலிருந்து நன்றாக ஆடினேன். கோபம் வந்தால் எனக்குப் பந்து நேராகப் போகும். கடைசிப் போட்டியின் கடைசி நாள் காலையில் பட்டியலில் நான் நூற்றிருபத்தைந்து. நூற்றிருபத்தாறு யார் தெரியுமா? பீரங்கி. அவன் 325 கஜம் அடிப்பான், எந்தத் திசையில் என்று மட்டும் கேட்கக்கூடாது. இருவரையும் சேர்த்தே ஆட விட்டார்கள். உங்கள் கணினியின் வேலையாகத்தான் இருக்கும்.

பதினேழு குழி முடிந்தபோது இருவரும் சமம். சமமாகவே முடிந்தால் அட்டை எனக்கு. அவன் ஓர் அடி குறைவாக முடித்தால் அவனுக்கு. கடைசிக் குழியில் நான் அடித்தேன், நடுவில் 268. அவன் அடித்தான். பந்து மேகத்தைத் தொட்டுவிட்டு வலது பக்கம் முழங்கால் அளவுப் புல்லுக்குள் விழுந்தது.

தேட மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் அபராதம், திரும்பப் போய் முதலிலிருந்து அடிக்க வேண்டும், கதை முடிந்தது. நடுவர் கையில் கடிகாரத்தோடு நின்றார். பார்வையாளர்கள், அவன் கேடி, என் கேடி, நான், எல்லோரும் புல்லை விலக்கிக்கொண்டு நடந்தோம். பீரங்கி தேடவே இல்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு நிமிடம் ஐம்பது நொடி இருக்கும். என் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளிப் பந்து உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற கேடியும் பார்த்தார். பார்த்துவிட்டு, வானத்தில் ஏதோ பறவை போவது போல அண்ணாந்துவிட்டார். பத்து நொடி, ஸ்கேல். சும்மா நின்றால் போதும். பொய் சொல்லவே வேண்டாம்.

"இந்தா இருக்குப்பா" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய்தான். கேடி என் காதருகே, "உங்களுக்கு வாய் எதுக்குண்ணே இருக்கு, சாப்பிட மட்டும் வெச்சுக்கக் கூடாதா?" என்றார்.

நான் இரண்டாவது அடியை நீள மட்டையால் அடித்துக் குழிக்குப் பதினைந்து கஜத்தில் நிறுத்தினேன். வருடத்தின் மிகச் சிறந்த அடி. அவன் அந்தப் புல்லிலிருந்து குட்டை மட்டையால் வழித்து ஒரு கஜத்தில் வைத்தான். நான் நான்கில் முடித்தேன், அவன் மூன்றில். என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். கதவு நிலை மேலே சாய்ந்தது போல இருந்தது. முதுகு மறுபடியும் பிடித்துக்கொண்டது.

நான் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் வேடிக்கை. அவன் புல்லுக்குள் கிடந்தும் குழிக்கு என்னைவிட அறுபது கஜம் கிட்டே இருந்தான். ரயிலில் வரும்போது உன் அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நூற்று நாற்பதாவது பக்கம் சரியாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சரி.

அந்தப் பத்தடி விஷயம் எனக்குத் தெரியும், அசடே. நீ கூட்டிச் சொல்லும்போது மூக்கைச் சொறிவாய். தெரிந்துதான் நானும் அடித்தேன்.

கேடி பீரங்கியிடம் போய்விட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, தப்பில்லை. போகும்போது அழுதார், பிஸ்கட்டும் தின்றார். டிசம்பரில் தகுதிப் போட்டி, ஆறு நாள், நூற்றறுபது பேர், இருபத்தைந்து அட்டை. எல்லாம் பீரங்கி வயதுப் பிள்ளைகள். வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உன் அண்ணிதான், "போய் ஆடுங்க. நாலு நாளா வீட்ல இருந்து சமையல் டப்பாவ எல்லாம் உயர வரிசைல அடுக்கி வெச்சிருக்கீங்க. எனக்கு உப்பு எதுல இருக்குன்னு தெரியல" என்கிறாள்.

பெயர் கொடுத்துவிட்டேன். பையை நானே தூக்கிக்கொள்ளலாம் என்று விதியில் இருக்கிறது. முதுகு என்ன சொல்லுமோ.

அன்புடன்,
அண்ணன்


நவம்பர் 8

அண்ணா,

உன் கடிதத்தை மேற்பார்வையாளர் பிரிக்காமலே என் மேசையில் வைத்தார். "இவர் இப்ப ஆட்டக்காரர் இல்லையேம்மா. இவர் கடிதத்தை நான் எதுக்குப் படிக்கணும்?" என்றார். பிறகு கதவுவரை போய்த் திரும்பி நின்று, "கடைசிக் குழியில என்னதான் ஆச்சு?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். ‘இந்தா இருக்குப்பா’ என்ற இடத்தில் "ஐயோ" என்று மேசையைத் தட்டினார்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் என்றால் நீ வேண்டாம் என்று சொல்வாய், நான் கேட்க வேண்டியிருக்கும். கடிதம் என்றால் நான் மட்டும்தான் பேசுவேன்.

அட்டை இல்லாததால், சங்கத்தின் விதிப்படி இன்றைக்கு நீ யாரோ ஒருவன். தகுதிப் போட்டியில் யாரோ ஒருவனுடைய பையைச் சங்க ஊழியர் தூக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். மேற்பார்வையாளர் மூன்றாவது முறை படித்து, மூன்று வார விடுப்பில் கையெழுத்துப் போட்டார். நீ அட்டை வாங்கிவிட்டால் மறுநாளிலிருந்து நான் மறுபடியும் போனை எடுக்க மாட்டேன். அதையும் யோசித்துப் பார்த்தேன். வாங்கு.

உனக்கு 268 கஜம்தான் வரும். அந்த மைதானத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்துவிட்டேன். பதினெட்டில் ஏழு குழிகளில் 290-க்கு மேல் அடித்தால் பந்து ஓடைக்குள் போகும். பிள்ளைகளுக்குத்தான் தலைவலி, உனக்கில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அளந்து பார்த்துச் சொல்கிறேன்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி சாயங்கால ரயிலில் வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. பையிலிருந்து தேவையில்லாததையெல்லாம் இப்போதே வெளியே எடு. அண்ணியைப் பார்த்துக்கொள்ளச் சொல். உன்னை நம்பினால் இரண்டு குடை இருக்கும்.

எனக்கு எட்டு மாதமாக வலது தோளில் வலி. உனக்குச் சொல்லவில்லை, கோப்பில் ஏறிவிடும் என்று. அதனால் பையை இடது தோளில்தான் மாட்டுவேன். நீ எனக்கு வலது பக்கமாக நடந்து வா.

ஸ்கேல்